காத்துக்கு வழி விடுங்க சார்!

உங்கள் ஜீன்ஸை ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். (பஸ்ஸில் இருந்தால் வேண்டாம். பக்கத்து ஸீட்காரர் தப்பாக நினைப்பார்.) தொடைப் பக்கம் வெளுத்துப் போய், ஐந்து வருஷம் மூட்டை தூக்கிய ஆசாமியின் ஜீன்ஸ் மாதிரி இருக்கிறதா? மூட்டை தூக்கியது நீங்கள் இல்லை. அப்படியானால் வேறு யார்?

துருக்கியில் அந்த ‘வேறு யாரோ’க்கள் இருந்தார்கள். சின்னச் சின்னப் பட்டறை, ஜன்னல் அடைத்த அறை. உள்ளே இருபது வயதுப் பையன்கள் குழாயைப் பிடித்து, காற்றின் வேகத்தில் மணலை ஜீன்ஸ் மேல் பீய்ச்சி அடித்து வெளுக்க வைத்தார்கள். அந்தப் புழுதி அவர்கள் நுரையீரலில் போய் உட்கார்ந்தது. ஸிலிகோஸிஸ் என்று பெயர். வந்தால் திரும்பிப் போகாத வியாதி. 2009-ல் துருக்கி அரசு இந்த முறைக்குத் தடை போட்டது. இப்போது வெளுக்க வைக்க லேசர், ரசாயனம் என்று வேறு வழிகள் வந்துவிட்டன. ஆனால் மணல் பீய்ச்சும் தொழில் ஜீன்ஸோடு பிறந்ததும் இல்லை, அதோடு முடிந்ததும் இல்லை. அதன் சொந்த வீடு இரும்புப் பட்டறை.

பாலத்துக்கு, கப்பலுக்கு, பாய்லருக்கு, எண்ணெய் டாங்கிக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் துருவை எடுக்க வேண்டும். உப்புக் காகிதம் வைத்துத் தேய்த்தால் உங்கள் பேரன் காலத்தில் வேலை முடியும். அதனால் அழுத்தமான காற்றில் பொடிக்கல்லோ இரும்புத் துகளோ கலந்து அடிக்கிறார்கள். துரு பறக்கிறது; அடியில் வெள்ளை வெளேரென்று இரும்பு. ‘பிளாஸ்ட்டிங்’ என்பார்கள்.

இதற்கு 1870-ல் அமெரிக்காவில் பேடன்ட் வாங்கியவர் பெஞ்சமின் டில்மன். உள்நாட்டுப் போரில் ராணுவ அதிகாரியாக இருந்தவர். பாலைவனக் காற்று வாரியடித்த மணலில் ஜன்னல் கண்ணாடி மங்கிப் போனதைப் பார்த்து யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமோ பொய்யோ, காற்றும் மணலும் சேர்ந்தால் கண்ணாடியும் தோற்கும் என்பது நிஜம். கண்ணாடியே தோற்கும்போது அந்த மெஷினின் சொந்த வால்வும் குழாயும் எம்மாத்திரம்?

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே அழுத்தம் மார்ச் 31 ராத்திரி அழுத்தம்தான். இருந்தாலும் திருச்சி துவாக்குடிப் பக்கம் ஷெட் வைத்திருக்கும் கல்லூரி சிநேகிதன் ஒருவன், “சும்மா ஆபீஸ் ஜோக்கே எழுதிக்கிட்டு இருக்கியே, ஒரு நாள் வந்து எங்க ஆளுங்க படற பாட்டைப் பாருடா” என்று கூப்பிட்டான். போனேன்.

அங்கே எனக்கு குருவாக வாய்த்தவர் ஷெட்டின் மேஸ்திரி. ஐம்பதைத் தாண்டிய வயது. பன்னிரண்டு வருஷம் வளைகுடாவில் கப்பல் ரிப்பேர் யார்டில் பிளாஸ்ட்டராக இருந்துவிட்டு வந்தவர். முண்டாசு, காதில் பீடி, வாயில் வெற்றிலை. (பீடி பற்ற வைக்கவே இல்லை. “டாக்டர் நிறுத்தச் சொன்னாரு தம்பி, காதுல வெச்சுக்கக் கூடாதுன்னு சொல்லல.”)

ஷெட் நடுவே இடுப்புக்கு மேல் உயரத்தில், குண்டாக ஒரு இரும்புப் பானை. அதற்குப் பெயரும் ‘பாட்’தான்.

“தம்பி வீட்ல குக்கர் இருக்கா?” என்றார் மேஸ்திரி.

“இருக்குண்ணே.”

“விசில் அடிச்சவுடனே மூடியைத் திறப்பீங்களா?”

“என் சம்சாரம் கையை ஒடிப்பா.”

“அம்புட்டுதான் பாடம். மிச்சமெல்லாம் விளக்கம்!”

விளக்கத்தை நான் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். வீட்டு குக்கருக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு சுமார் 15 பவுண்டு. இந்தப் பானைக்குள் சுமார் 100 பவுண்டு. ஆறேழு குக்கர்! சில பானைகளில் பக்கவாட்டில் வெளியிலிருந்து போல்ட் போட்ட வட்ட மூடி இருக்கும். அது 6 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பளவு 28 சதுர அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. நூறால் பெருக்கினால் 2,800 பவுண்டுக்கு மேல். அதாவது கிட்டத்தட்ட 1,280 கிலோ. இரண்டு மாருதி 800 கார்களைத் தூக்கி அந்தச் சின்ன மூடிக்குப் பின்னால் உட்கார வைத்த மாதிரி. போல்ட் பிடித்துக்கொண்டிருக்கும் வரை அவை சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

கேட்டதும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நான் மரியாதையாக நாலடி தள்ளி நின்றேன்.

காற்று எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று மேஸ்திரி காட்டினார். அடிக்கிறவர் கையில் இருக்கும் குழாய் முனையில் ஒரு கைப்பிடி. அழுத்தினால்தான் வேலை நடக்கும், விட்டால் நின்றுவிடும். அதன் பெயர் ‘டெட்மேன்’ கைப்பிடி. பெயரே அபசகுனம்! ஆனால் காரணப் பெயர். பிடித்திருப்பவன் மயங்கி விழுந்தாலும், செத்தே விழுந்தாலும், கை தளர்ந்ததும் மெஷின் நிற்க வேண்டும். நாசிலின் வால்வு கையால் பிடித்திருந்தால் மட்டுமே திறந்திருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியே சொல்கிறது.

கைப்பிடியை அழுத்தினால் உள்வால்வு திறக்கிறது, வெளிவால்வு மூடுகிறது. பானையின் தலையில் உள்ள ‘பாப்-அப்’ என்கிற மூடி காற்றின் வேகத்தில் மேலே எழும்பி, மணல் கொட்டும் வாயை அடைத்துக்கொள்கிறது. பானைக்குள் அழுத்தம் ஏறுகிறது. அடியிலிருந்து துகள் குழாயில் இறங்கிப் பறக்கிறது. கையை விட்டால் எல்லாம் தலைகீழ். உள்வால்வு மூடுகிறது, வெளிவால்வு திறக்கிறது. பானைக்குள் இருக்கும் காற்று முழுவதும் ‘புஸ்ஸ்ஸ்’ என்று சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. பாப்-அப் மூடி ‘டொக்’ என்று கீழே விழுகிறது. மேலே இருக்கும் துகள் அடுத்த ரவுண்டுக்கு உள்ளே கொட்டுகிறது.

பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக் கொடுப்பார்களே... உள்ளே வருவதைப் பற்று எழுது, வெளியே போவதை வரவு எழுது, கடைசியில் இரண்டும் டேலி ஆக வேண்டும். பானையும் அதே கணக்குதான். உள்ளே போன காற்று வெளியே வந்து டேலி ஆகாவிட்டால், மீதி பானைக்குள் காத்திருக்கிறது என்று அர்த்தம். நம் லெட்ஜரில் டேலி ஆகாவிட்டால் ஆடிட்டர் கத்துவார். இங்கே பானை கத்தும்.

சிக்கல் எங்கே வருகிறது? வெளியேறும் காற்று தனியாகப் போகாது. ஊர்வலத்தில் சேர்ந்துகொள்ளும் சில்லறை ரௌடி மாதிரி, கொஞ்சம் துகளும் அதோடு கிளம்பும். இரும்பைத் தேய்க்கிற அதே துகள் வெளிவால்வின் ரப்பரையும் தேய்க்கும், குழாய் வளைவையும் அரிக்கும், சைலன்சரையும் அடைக்கும். அதைப் பிடிக்க வால்வுக்கு முன்னால் ஒரு வலை வைத்த டப்பா இருக்கிறது. துகள் அதில் தங்கும். தினம் அதைத் திறந்து கொட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. நம் வீட்டு வாஷ்பேசின் வலையைச் சுத்தம் பண்ணுவதைவிடச் சுலபம். (நாம் வாஷ்பேசின் வலையை எப்போது சுத்தம் பண்ணினோம் என்று கேட்காதீர்கள்.)

“இந்த மெஷினுக்கு ஸ்டெதாஸ்கோப்பே வேணாம் தம்பி. காதே போதும்” என்றார் மேஸ்திரி. அவர் சொன்ன நோய்க்குறிகளை அப்படியே தருகிறேன்:

வேலை நடக்கும்போதே சைலன்சர் பக்கம் ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம் வந்தால், வெளிவால்வின் ரப்பர் தேய்ந்துவிட்டது. மூட வேண்டியது மூடவில்லை.

பானையின் தலைப் பக்கமிருந்து காற்று கசிந்தால், பாப்-அப் மூடியோ அது உட்காரும் ரப்பர் வளையமோ போய்விட்டது.

கையை விட்ட பிறகு ‘புஸ்’ என்று சட்டென அடங்காமல், ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுத்து இழுத்துக் காற்று வந்தால் வலையோ சைலன்சரோ அடைத்திருக்கிறது.

பாப்-அப் விழும் ‘டொக்’ சத்தம் வரவே இல்லையென்றால், உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கிட்டே போகாதே.

வேலை நடக்காதபோது டெட்மேன் கைப்பிடியிலிருந்து லேசாகக் காற்று சீறுவது மட்டும் நல்ல சகுனம். காற்றில் இயங்கும் கைப்பிடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது திறந்திருந்தால் மெஷின் தூங்கும், அடைபட்டால் விழித்துக்கொள்ளும். துகளோ சேறோ அந்த ஓட்டையை அடைத்தால், யாரும் தொடாமலே மெஷின் ஓட ஆரம்பித்துவிடும்! கை வலிக்கிறது என்று கைப்பிடியைக் கயிறு போட்டுக் கட்டி வைக்கிற புத்திசாலிகளும் உண்டாம். “அவனுங்க கம்பிக்குப் பதிலா கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறவனுங்க” என்றார்.

டீ வந்தது. டீ குடிக்கும்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார்.

“நான் வேலை பார்த்த யார்டுல தம்பி, நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் ஹெல்பரா வந்தான். இருபத்திரண்டு வயசு. வேகமான பய. பாட்டுல எக்ஸாஸ்ட் வலை கிழிஞ்சு போய், சைலன்சர் பூராவும் கல்லு அடைச்சிருந்துச்சு. சட்டுனு இறங்க வேண்டிய காத்து இறங்க நாலு நிமிஷம் ஆகும். மொத நாள் நின்னான். ரெண்டாவது நாள் நின்னான். பத்தாவது நாள் எவன் நிப்பான்? மேல கேஜ் இருக்கும்ல, அதைப் பார்த்தான். முள்ளு பூஜ்யத்துல நிக்குது. சரின்னு பக்கவாட்டு மூடியைக் கழட்ட ஆரம்பிச்சான். நாலு போல்ட்டு. மூணை அவன் கழட்டினான்...”

டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“நாலாவது தானா கழண்டுச்சு.”

கேஜின் வாயிலும் துகள் அடைத்திருந்ததாம். உள்ளே அழுத்தம் இருந்தும் முள் நகரவில்லை. பையன் பிழைத்துக்கொண்டான். வலது கண் பிழைக்கவில்லை.

“அதுல ஒண்ணு கேளுங்க தம்பி. வலை கிழிஞ்சுபோச்சு, சைலன்சர் மாத்தணும்னு அதுக்கு மூணு வாரம் முன்னாடியே எங்க போர்மேன் ஆபீஸுக்குச் சீட்டு எழுதி அனுப்பிச்சாரு. ஆக்ஸிடென்ட்டுக்கு அப்புறம் போய்த் தேடினா, சீட்டு ஒரு மேஜையில பேப்பர் வெயிட்டுக்கு அடியில பத்திரமா இருந்துச்சு. ‘நெக்ஸ்ட் மன்த்’னு எழுதி.”

இந்தக் கட்டுரையை நான் ஷெட்டில் இருப்பவர்களுக்காக எழுதவில்லை. அவர்களுக்கு மேஸ்திரி இருக்கிறார். பேப்பர் வெயிட் வைத்திருக்கும் நமக்காக எழுதுகிறேன்.

ஏ.ஸி. அறையிலோ, மின்விசிறி ‘கிரீச்’ என்று சுற்றும் ஸ்டோர்ஸ் செக்‌ஷனிலோ உட்கார்ந்திருக்கிறோம். ‘ரப்பர் டயஃப்ரம் 1, கேஸ்கெட் 2, சைலன்சர் 1’ என்று இன்டென்ட் வருகிறது. நமக்கு அது மூன்று ஐட்டம். “போன மாசம்தானே வாங்கினீங்க?” என்று கேட்பது நம் பிறப்புரிமை. சரி, நம் பாஷையிலேயே பேசுவோம், காசு பாஷை.

இந்தத் தொழிலில் பரவலாகச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. நாசிலில் 100 பவுண்டு அழுத்தம் இருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு பவுண்டு குறைவுக்கும் சுமார் ஒன்றரை சதவீதம் வேலை குறையும். தேய்ந்த வெளிவால்வும் கசிகிற பாப்-அப்பும் சேர்ந்து 10 பவுண்டைத் தின்றால் 15 சதவீதம் போச்சு. எட்டு மணி நேர ஷிப்டில் 72 நிமிஷம்! கம்ப்ரஸர் கரன்ட் குடிக்கிறது, ஆள் நிற்கிறார், கல் செலவாகிறது; 72 நிமிஷம் மட்டும் சைலன்சர் வழியாக ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்றில் போகிறது. எந்த வவுச்சரிலும் வராத செலவு. ஒரு ரப்பர் துண்டை ‘அடுத்த மாசம்’ என்று தள்ளி நாம் மிச்சம் பிடித்த லட்சணம் இது.

பட்டறைக்காரர்களும் சும்மா இல்லை. சைலன்சர் அடைத்துவிட்டால் கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாயோடு ஓட்டுவார்கள். சத்தத்தில் காது போகும், வெளியேறும் துகள் யார் முகத்திலாவது அடிக்கும். அதைவிடப் பெரிய மேதைகள், கசிகிறதே என்று அந்த வாயில் ஒரு பிளக் போட்டு அடைத்துவிடுவார்கள். காற்றுக்குக் கதவைச் சாத்தினால் அது ஜன்னல் தேடும். நம்முடைய 1948-ம் வருஷத்து ஃபேக்டரிச் சட்டத்தின் 31-வது பிரிவே, அழுத்தத்தில் ஓடும் மெஷினில் பாதுகாப்பான அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. கம்ப்ரஸர் டாங்கியில் உள்ள ஸேஃப்டி வால்வும் இதற்காகத்தான். அதற்கும் டாங்கிக்கும் நடுவில் மூடுகிற வால்வு எதுவும் வைக்கக்கூடாது. ‘அடிக்கடி திறந்துக்குது’ என்று அதன் ஸ்க்ரூவை முறுக்கி வைப்பதும் கூடாது. நெருப்பைப் பார்த்து மணி அடிப்பவனின் வாயைப் பொத்துவது மாதிரி அது.

பழைய பானையைச் சோதிக்கும்போது தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றுவார்கள், காற்றால் செய்வதில்லை. ஏன் என்று கேட்டேன். தண்ணீர் சுருங்காது, பானை விரிசல் விட்டால் ‘சொட்’டென்று அழுத்தம் இறங்கிவிடும். காற்று ஸ்ப்ரிங் மாதிரி சுருங்கி உட்கார்ந்திருக்கும், விட்டால் பாயும். பதினோராம் வகுப்பில் படித்த பௌதிகம் இத்தனை வருஷம் கழித்து ஷெட்டில் புரிந்தது.

மேஸ்திரியின் தினசரிப் பூஜையையும் எழுதிக்கொண்டு வந்தேன். காலையில் முதல் வேலை, காற்றில் உள்ள தண்ணீரை வடிகட்டியிலிருந்து இறக்குவது. ஈரம் பட்டால் கல் கட்டி தட்டும், வால்வு ஒட்டும். அடுத்து எக்ஸாஸ்ட் வலையைக் கொட்டிச் சுத்தம் செய்வது. டெட்மேனை அழுத்தி, விட்டு, சட்டென நிற்கிறதா என்று பார்ப்பது. குழாய் இணைப்புகளில் பின் இருக்கிறதா, இணைப்பு கழன்றாலும் குழாய் பாம்பு மாதிரி சாட்டையடி அடிக்காமல் இழுத்துப் பிடிக்கும் கம்பி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. பானையை அளவுக்கு மேல் நிரப்பாமல் இருப்பது. நிரப்பினால் வெளியேறும் காற்று அள்ளிக்கொண்டு போகும். ரிப்பேர் என்றால் கம்ப்ரஸர் வால்வை மூடிப் பூட்டுவது, லைனில் மிச்சமுள்ள காற்றையும் இறக்குவது, கையால் திறக்கும் வால்வைத் திறந்துவைத்து, கேஜ், காது இரண்டும் ஒத்துக்கொண்ட பிறகே ஸ்பானரைத் தொடுவது.

“கேஜ் பொய் சொல்லும் தம்பி. தொறந்து வெச்ச வால்வு பொய் சொல்லாது.”

அறைக்குள் அடிப்பதாக இருந்தால் இன்னொரு வெளியேற்றமும் இருக்கிறது: புழுதி. அதை இழுத்துப் பையில் பிடிக்கும் ஃபேன். பையின் இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒரு மீட்டர் காட்டும். அது ஏறிக்கொண்டே போனால் பை அடைத்திருக்கிறது. திடீரென்று விழுந்தால் பை கிழிந்திருக்கலாம். கிழிந்த பையை விட்டால் புழுதி மறுபடி ஆளுக்கே வரும். பிரிட்டன் 1949-லேயே விதி போட்டு மணல் அடிப்பதைத் தடுத்தது. அமெரிக்காவில் அரசின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் 1974-ல் மணலுக்குத் தடை கேட்டது; கிடைக்கவில்லை. அதே நிறுவனம் 1992-ல் வெளியிட்ட எச்சரிக்கையில் மணல் அடித்து ஸிலிகோஸிஸ் வந்த 99 பேரைப் பற்றிச் சொன்னது. அவர்களில் 14 பேர் அப்போதே இறந்திருந்தார்கள். அதனால்தான் விவரமான பட்டறைகளில் இப்போது கார்னெட், இரும்புத் துகள் என்று மாறியிருக்கிறார்கள். மாறினாலும் பெயின்ட்டும் துருவும் புழுதியாகத்தான் பறக்கும். சுத்தமான காற்று வரும் ஹெல்மெட்டை மட்டும் கழற்றக்கூடாது.

கிளம்பும்போது மேஸ்திரி ஒரு தேய்ந்த ரப்பர் தட்டை என் கையில் கொடுத்தார். உள்ளங்கை அகலம். ஓரத்தில் எலி கடித்த மாதிரி பள்ளம்.

“என்னண்ணே இது?”

“வெளிவால்வு ரப்பர். இதைப் பத்தி எழுதுங்க. ஆபீஸ்ல இருக்கறவங்க யாரும் இதைக் கண்ணால பார்த்ததில்ல. பேப்பர்ல பேரைத்தான் பார்க்கறாங்க.”

அவர் சொன்னது சரி. ‘டயஃப்ரம் 1’ என்று படித்தால் நமக்கு ஒன்றுமே தோன்றாது. அதனால் அடுத்த முறை அப்படி ஒரு சீட்டு உங்கள் மேஜைக்கு வந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். ‘டயஃப்ரம் 1’ என்ற இடத்தில் ‘கண் 1’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். பிறகு கையெழுத்தைப் போட்டுவிட்டு டீக்குப் போங்கள்.

போட்டுவிட்டுத்தான் போக வேண்டும், ஆமாம். டீ அதற்குள் ஒன்றும் ஆறிவிடாது.